இங்கிலாந்து ஃபேரிகளிடம் எப்படி நடந்துகொள்வது: பழைய கிராமத்து விதிகளும் அவற்றை மீறியவர்களும்

சாமர்செட் பக்கம் பிளாக்டவுன் குன்றுகள் என்று ஒரு மேட்டுப் பகுதி உண்டு. பிட்மின்ஸ்டருக்கும் சார்டுக்கும் நடுவே அந்த மேட்டில் ஃபேரிகள், அதாவது மனிதர் கண்ணுக்கு மறைந்து வாழ்வதாக நம்பிய மாய ஜனங்கள், சந்தை கூடும் என்பது 17ஆம் நூற்றாண்டில் சுற்றுவட்டாரத்தில் எல்லோருக்கும் தெரிந்த சங்கதி. 1684ல் ரிச்சர்ட் போவெட் என்பவர் வெளியிட்ட புத்தகத்தில் அங்கே மாட்டிக்கொண்ட ஒருவரின் கதை வருகிறது. குதிரையில் வீடு திரும்பிக்கொண்டிருந்தவர் சரிவில் ஒரு பெரிய கூட்டத்தைப் பார்க்கிறார். சிவப்பு, நீலம், பச்சையில் உடைகள், உயரமான தொப்பிகள், செருப்புக் கடை, பாத்திரக் கடை, வளையல் ரிப்பன் விற்கிறவர்கள் என்று சந்தை களைகட்டியிருக்கிறது. வருஷத்தில் இந்தச் சமயம் இங்கே சந்தை எதுவும் கிடையாதே என்று யோசித்தவர், சரி, என்னதான் என்று பார்த்துவிடலாம் என்று குதிரையை நேராகக் கூட்டத்துக்குள் விட்டார். கிட்டே போனதும் ஒருவரும் கண்ணில் படவில்லை. ஆனால் திருவிழா நெரிசலில் மாட்டியதுபோல் நாலா பக்கமும் இடித்துத் தள்ளுவது மட்டும் உடம்பில் தெரிகிறது. எப்படியோ வெளியே வந்து திரும்பிப் பார்த்தால் கூட்டம் பழையபடி அங்கேயே இருக்கிறது. வலியோடு வீடு போய்ச் சேர்ந்தார், உடம்பின் ஒரு பக்கம் விளங்காமல் போனது, அதோடுதான் பல வருஷம் வாழ்ந்தார்.

அவர் யாரையும் திட்டவில்லை, எதையும் திருடவில்லை. அழைக்காத இடத்துக்குள் குதிரையோடு நுழைந்தார், அவ்வளவுதான். ஆங்கிலேயக் கிராமங்கள் ஃபேரிகளைப் பற்றி என்ன நினைத்தன என்று கேட்டால் நான் முதலில் இந்தக் கதையைத்தான் சொல்வேன்.

நம் மனசில் இருக்கிற ஃபேரி, சிறகும் மந்திரக்கோலும் வைத்திருக்கும் குட்டிப் பெண். அந்தச் சிறகுகள் பிற்காலத்து ஓவியங்களிலும் நாடக மேடையிலும் முளைத்தவை. கிராமத்து ஜனங்கள் பயந்த ஃபேரிக்குச் சிறகு கிடையாது. ஆள் உயரமும் இருக்கும், கட்டைவிரல் உயரமும் இருக்கும், மனிதர்களைப் போலவே சமைத்து, ஆடிப்பாடி, கல்யாணம் செய்து, பிள்ளை பெற்று, மேட்டுக்கு அடியிலோ வயல் ஓரத்திலோ குடியிருக்கும் இன்னொரு ஜனம் அது. பேர் சொல்லிக் கூப்பிட்டால் காதில் விழுந்துவிடும் என்று பல ஊர்களில் 'நல்ல அண்டைவீட்டார்' என்றும், கார்ன்வாலில் 'சின்ன ஜனங்கள்' என்றும் மரியாதையாகச் சுற்றி வளைத்துச் சொன்னார்கள். அண்டைவீட்டார் என்பது சும்மா பயந்து வைத்த பேர் மட்டும் இல்லை. இந்த விதிகளை ஒவ்வொன்றாகப் பார்த்தால் முக்கால்வாசி கொடுக்கல் வாங்கல் விதிகள்தான்: எதை வாங்கலாம், எப்போது திருப்பித் தர வேண்டும், எதைப் பார்த்தும் பார்க்காததுபோல் போக வேண்டும், எதை வெளியே சொல்லக் கூடாது. ஏழைக் கிராமத்தில் பக்கத்து வீட்டோடு காலம் தள்ளுவதற்கு வேண்டிய அதே விதிகள், இந்தப் பக்கத்து வீட்டுக்குப் பலம் அதிகம் என்பதால் தண்டனையும் அதிகம்.

இது எவ்வளவு பழசு என்பதற்கு 1215 வாக்கில் ஜெர்வேஸ் ஆஃப் டில்பரி எழுதி வைத்த ஒரு கதை இருக்கிறது. குளோஸ்டர்ஷயரில் காட்டுக்குள் ஒரு மேடு. வேட்டைக்குப் போகிறவர் களைத்துப்போய் அந்த மேட்டில் தனியாக ஏறி நின்று, பக்கத்தில் யாரோ இருப்பதுபோல் 'தாகமாயிருக்கிறது' என்று சொன்னால் போதும், பொன்னும் மணியும் பதித்த பெரிய கொம்பில் பானத்தோடு ஒரு பணியாள் வந்து நிற்பார். குடித்தால் வெயிலும் களைப்பும் பறந்துவிடும். வாய் துடைக்கத் துண்டும் கொடுப்பார். அப்புறம் கூலிக்கும் காத்திருக்காமல் பேச்சுக்கும் நிற்காமல் மறைந்துவிடுவார். பல காலம் இப்படியே நடந்தது. ஒரு நாள் ஒரு வீரர் குடித்து முடித்ததும் கொம்பைத் திருப்பித் தராமல் எடுத்துக்கொண்டு போய்விட்டார். குளோஸ்டர் பிரபு விஷயம் தெரிந்ததும் அந்த வீரரைத் தூக்கில் போட்டு, கொம்பை முதலாம் ஹென்றி ராஜாவுக்குக் கொடுத்தாராம். கவனித்தால், இங்கே தண்டித்தது ஃபேரி இல்லை, மனிதர்தான். மரியாதையாக நடந்துகொண்டிருந்தால் ஊருக்கே கிடைத்திருக்கும் ஒன்றை ஒருவன் பேராசையால் கெடுத்தான் என்பதுதான் குற்றம்.

அதற்குச் சில வருஷம் முன்னால் வில்லியம் ஆஃப் நியூபரோ எழுதியது நேர் எதிர். யார்க்ஷயரில் வில்லி ஹோ என்ற மேட்டின் பக்கம், கொஞ்சம் போதையோடு இரவில் வீடு திரும்பிய குடியானவர் ஒருவருக்கு உள்ளேயிருந்து பாட்டுச் சத்தம் கேட்டது. கதவு திறந்திருக்க, உள்ளே ஆணும் பெண்ணும் விருந்தில் உட்கார்ந்திருந்தார்கள். அவருக்கும் ஒரு கோப்பை வந்தது. குடிக்காமல் பானத்தைக் கீழே கொட்டிவிட்டுக் கோப்பையோடு குதிரையைத் தட்டிவிட்டார், துரத்தியும் பிடிக்க முடியவில்லை. என்ன பொருளால் செய்தது என்றே தெரியாத அந்தக் கோப்பையும் முதலாம் ஹென்றியிடம் போய்ச் சேர்ந்தது. இவர் திருடிவிட்டுத் தப்பித்தார், ஆனால் எதனால் தப்பித்தார்? குடிக்காததால். அந்த மேட்டுக்குள் என்ன ஆபத்து என்று போதையிலும் அவருக்கு ஞாபகம் இருந்தது.

சாப்பாட்டு விதி இதுதான், எல்லாவற்றிலும் கண்டிப்பானது: அவர்கள் இடத்தில் அவர்கள் கொடுத்ததைத் தின்னாதே, குடிக்காதே. கார்ன்வாலில் செலீனா மூர் என்ற சதுப்பு வெளியைப் பற்றிய கதையை 19ஆம் நூற்றாண்டில் வில்லியம் பாட்ரெல் பதிவு செய்தார். இரவில் வழி தவறிய, நோய் (Noy) என்று பேர் கொண்ட ஒரு விவசாயி, தோட்டமும் வெளிச்சமும் கூத்துமாக இருந்த ஒரு வீட்டுக்கு வந்து சேர்கிறார். அங்கே ஏவல் வேலை செய்துகொண்டிருப்பவள், செத்துப்போனாள் என்று அவர் அழுது அடக்கம் செய்த காதலி கிரேஸ். ஆடு தேடிப் போனவள், வழி தெரியாமல் சுற்றி, தாகத்துக்கு அங்கே ஒரு பழத்தைக் கடித்தாள், அதோடு மாட்டிக்கொண்டாள், ஊரில் புதைத்தது அவள் போல் இருந்த ஏதோ ஒன்றை. இங்கே ஒரு பழம் தின்னாதே, ஒரு பூப் பறிக்காதே, தின்றால் நீயும் என்னைப் போலத்தான் என்று எச்சரிக்கிறாள். மயக்கத்தைக் கலைக்க அவர் தன் கையுறையை உள்பக்கம் வெளியே வரும்படி திருப்பி அந்தக் கூட்டத்தின் நடுவில் எறிகிறார். எல்லாம் மறைகிறது, கிரேஸும்தான். இடிந்த ஒரு மாட்டுக் கொட்டகைப் பக்கம் விழித்தெழுந்த மனுஷன் அதற்கப்புறம் எதிலும் பிடிப்பில்லாமல் போய்விட்டார். விதியைக் காப்பாற்றினார், உயிரும் தப்பியது, ஆனால் அவர் பழைய ஆள் இல்லை.

விதியைக் காப்பாற்றியும் நஷ்டப்படலாம் என்பதற்கு ஹெர்லா ராஜாவின் கதையை விடப் பெரிய உதாரணம் கிடையாது. 12ஆம் நூற்றாண்டின் கடைசியில் வால்டர் மேப் எழுதினார். ஆட்டுக்கடா மேல் ஏறி வந்த குள்ள ராஜா ஒருவர் சாக்சன்கள் வந்து நாட்டைப் பிடிப்பதற்கு முன் இருந்த பிரிட்டன்கள் என்ற ஜனத்தின் ராஜாவான ஹெர்லாவோடு ஓர் ஒப்பந்தம் செய்கிறார்: உன் கல்யாணத்துக்கு நான் வருகிறேன், ஒரு வருஷம் கழித்து என் கல்யாணத்துக்கு நீ வா. சொன்னபடி வந்து, தன் சொந்தச் செலவில் விருந்தும் போட்டு அசத்திவிட்டுப் போகிறார். ஹெர்லாவும் சொன்னபடி குகை வழியாக அவர் நாட்டுக்குப் போய் மூன்று நாள் இருந்து, பரிசுகளோடு திரும்புகிறார். கடைசிப் பரிசு ஒரு குட்டி நாய். இது தானாகக் கீழே குதிக்கிறவரை உங்களில் ஒருவரும் குதிரையை விட்டு இறங்கக் கூடாது என்கிறார் குள்ள ராஜா. வெளியே வந்து ஒரு கிழட்டு இடையனிடம் ராணியைப் பற்றி விசாரித்தால், உங்கள் பேச்சே எனக்குச் சரியாகப் புரியவில்லை, நான் சாக்சன், நீங்கள் பிரிட்டன், அந்தப் பேரில் ஒரு ராணி ரொம்ப காலம் முன்னால் இருந்ததாகக் கேள்வி என்கிறான். இருநூறு வருஷத்துக்கு மேல் ஓடிவிட்டது. பதறிப்போய் இறங்கியவர்கள் கால் மண்ணில் பட்டதும் தூளானார்கள். நாய் இன்னும் குதிக்கவில்லை, ஹெர்லாவின் கூட்டம் இறங்க இடமில்லாமல் அலைந்துகொண்டே இருந்தது. ஹெர்லா எந்தத் தப்பும் செய்யவில்லையே என்று ஒவ்வொரு முறையும் எனக்கு மனசு கேட்காது. ஒரே தப்பு, பலசாலியோடு சரிசமமாக மொய் எழுதலாம் என்று ஒத்துக்கொண்டதுதான்.

அப்புறம் கண். டெவனில் டாவிஸ்டாக் ஊர் மருத்துவச்சி கதையை 1830களில் மிசஸ் பிரே எழுதி வைத்தார். நடுராத்திரியில் கரிக் கறுப்புக் குதிரையில் அவலட்சணமான ஒரு குள்ளக் கிழவர் வந்து பிரசவத்துக்கு அழைத்துப் போகிறார். பார்த்தால் ஏதோ சாதாரணக் குடிசை வீடு. குழந்தை பிறந்ததும், இதைக் குழந்தையின் கண்ணில் தடவு என்று தாய் ஒரு தைலம் தருகிறாள். தடவினாள். சும்மா இருந்திருக்கலாம், என்னதான் ஆகும் என்று தன் வலது கண்ணிலும் துளி இழுவிக்கொண்டாள், வீடும் ஆட்களும் அந்த நிமிஷமே வேறாகத் தெரிந்தன. வாயைத் திறக்காமல் வேலையை முடித்து வந்துவிட்டாள். அடுத்த சந்தை நாளில் அதே கிழவர் கடை கடையாகப் போய் சாமான் எடுத்துக்கொண்டிருக்கிறார், ஒருவரும் கவனிக்கவில்லை. இவள் போய், வீட்டில் அம்மாவும் குழந்தையும் சுகமா என்று கேட்கிறாள்.

"என்னை இன்னைக்குப் பார்க்க முடியுதா உனக்கு?"

"ஏன் முடியாது? சூரியனைப் பார்க்கிற மாதிரி நல்லாத்தான் தெரியுது."

"எந்தக் கண்ணுல?"

வலது கண்ணில் என்று சொன்னாள். உனக்குச் சம்பந்தமில்லாததில் கை வைத்ததற்கு இது என்று ஓர் அடி, அந்தக் கண் போயிற்று. இந்தக் கதை பல ஊர்களில் பல விதமாக உண்டு, எல்லாவற்றிலும் இதே கேள்விதான் முடிவு. மருத்துவச்சி என்பவள் எல்லார் வீட்டு உள்ளறையும் பார்த்தவள். பார்த்ததைச் சந்தையில் வைத்துப் பேசக் கூடாது என்பது அவள் தொழிலின் முதல் கட்டுப்பாடு. நலம் விசாரித்த அந்த நல்ல குணமே அவளைக் காட்டிக்கொடுத்தது என்பதுதான் கதையில் கொடுமை.

வீட்டு வேலை செய்யும் ஃபேரிகள் கதை வேறு. வடக்கே ஹாப் என்பார்கள், சில இடங்களில் பிரௌனி. ராத்திரியில் எல்லோரும் தூங்கினபின் வந்து கதிரடிக்கும், மாவு அரைக்கும், கூட்டிப் பெருக்கும், பதிலுக்கு ஒரு கிண்ணம் பாலோ பாலாடையோ ரொட்டியோ. ஆனால் சம்பளம் என்று கொடுக்கக் கூடாது, குறிப்பாகத் துணி கொடுக்கக் கூடாது. யார்க்ஷயரில் கிளெய்ஸ்டேல் பக்கம் ஹார்ட் ஹால் பண்ணையில் ஹாப் ஒன்று வெற்றுடம்போடு களத்தில் மாடாய் உழைப்பதைப் பார்த்து இரக்கப்பட்டு, வேலைக்கு வாகாக இடுப்பில் கட்டும் பட்டையோடு ஒரு சட்டை தைத்து வைத்தார்கள். அதை எடுத்துப் பார்த்துவிட்டு, ஹாபுக்கு இந்த முரட்டுச் சணல்துணிதானா, இனி கதிரடிக்கவும் வரமாட்டேன் இடிக்கவும் வரமாட்டேன் என்று பாடிவிட்டுப் போய்விட்டது. துணி மட்டம் என்ற கோபம். லிங்கன்ஷயரிலும் இப்படித்தான், வருஷா வருஷம் லினன் சட்டை வைத்த வீட்டில் ஒரு கஞ்சன் சணல் சட்டை வைத்தான், அத்தோடு சரி. ஆனால் சண்டர்லாந்து பக்கம் ஹில்டன் கோட்டையின் கோல்ட் லாட் அப்படியில்லை, பச்சை அங்கியும் தலைமூடியும் கிடைத்ததும் சந்தோஷமாகப் போட்டுக்கொண்டு ஆடிவிட்டு, விடியும்போது மறைந்துவிட்டது. 1584லேயே ரெஜினால்ட் ஸ்காட் இந்தத் துணி விவகாரத்தை எழுதியிருக்கிறார், ஆக இது பழைய விதி. துணி என்பது பண்ணையாள் வருஷக் கூலியின் ஒரு பங்கு. கூலி வாங்கினால் கணக்கு தீர்ந்தது, அப்புறம் யாரும் யாருக்கும் கடன்படவில்லை. உறவு நீடிக்க வேண்டுமானால் கொஞ்சம் பாக்கி இருந்துகொண்டே இருக்க வேண்டும் என்று அந்தக் கிராமங்கள் புரிந்து வைத்திருந்தன.

கடன் வாங்கித் திருப்பித் தராவிட்டால் என்ன ஆகும் என்பதற்கான சாட்சி இன்றும் சர்ரேயில் ஃப்ரென்ஷம் ஊர் மாதா கோயிலில் வைத்திருக்கும் பெரிய செப்பு அண்டா. 17ஆம் நூற்றாண்டில் ஜான் ஆப்ரி எழுதியபடி, பக்கத்தில் ஒரு குன்றில் கிடந்த பெரிய கல்லைத் தட்டி, இன்னது வேண்டும், இந்தத் தேதிக்குத் தந்துவிடுகிறேன் என்று சொன்னால், எப்போது வந்து எடுத்துக்கொள்ளலாம் என்று ஒரு குரல் பதில் சொல்லும். உழவு மாடா, பணமா, எதுவானாலும் கிடைக்கும். அண்டா வாங்கியவர் சொன்ன தேதியைத் தவறவிட்டார். பிறகு கொண்டுபோய்க் கொடுத்தபோது வாங்கிக்கொள்ளவில்லை, அதற்கப்புறம் யார் தட்டினாலும் பதிலும் இல்லை. கை கால் விளங்காமல் போகவில்லை, கண் போகவில்லை, ஊருக்கே கடன் கதவு மூடிவிட்டது. வட்டிக்கடை தவிர வேறு போக்கிடம் இல்லாத குடியானவருக்கு இதைவிடப் பயங்கரமான முடிவு என்ன?

சில்லறை விதிகள் நிறைய. ராத்திரி அடுப்படியைச் சுத்தமாக வைத்து, குளிக்கத் தண்ணீரும் எடுத்து வைத்தால் வேலைக்காரப் பெண்ணின் செருப்பில் காசு கிடக்கும், அழுக்காக வைத்தால் உடம்பெல்லாம் கிள்ளிய தழும்பு. காசு கிடைத்த விஷயத்தை வெளியே சொன்னால் அடுத்த நாளிலிருந்து வராது. கார்ன்வால் வெள்ளீயச் சுரங்கங்களில் பாறைக்குள் தட்டிக்கொண்டிருக்கும் நாக்கர் என்ற சுரங்க ஃபேரிகளுக்குச் சாப்பாட்டில் ஒரு துண்டு போட வேண்டும், சுரங்கத்துக்குள் சீட்டி அடிக்கக் கூடாது, சிலுவைக் குறி போடக் கூடாது. இந்த நாக்கர்கள் பிழைப்பு தேடிப் போன கார்ன்வால் தொழிலாளிகளோடு அமெரிக்கச் சுரங்கங்களுக்கும் குடியேறிவிட்டார்கள். வழி மயங்கி ஒரே வயலைச் சுற்றிச் சுற்றி வந்தால் கோட்டைக் கழற்றி உள்பக்கம் வெளியே வரும்படி திருப்பிப் போட்டுக்கொள். பையில் ரொட்டித் துண்டு, உப்பு, இரும்பு ஏதாவது ஒன்று இருப்பது நல்லது.

இணையத்தில் இப்போது சுற்றும் பட்டியல்களில் 'நன்றி சொல்லாதே', 'பேரைச் சொல்லாதே' இரண்டும்தான் எப்போதும் முதலில் வருகின்றன. பழைய ஆங்கிலேயக் கதைகளில் எடை வேறு இடத்தில் இருக்கிறது. நன்றியைவிடக் கூலிதான் அங்கே பிரச்சினை. பேர் விஷயத்திலோ, சஃபோக்கில் சொன்ன டாம் டிட் டாட் கதையில் பேரை மறைப்பது மனிதர் இல்லை, என் பேரைச் சொல் பார்க்கலாம் என்று ஒரு பெண்ணை மிரட்டும் கறுப்புக் குட்டி ஜந்துதான், பேர் தெரிந்ததும் அதன் ஆட்டம் முடிந்தது. நார்தம்பர்லாந்தில் ராத்லி ஊர்ச் சிறுவன் தூங்காமல் அடுப்பருகே ஒரு ஃபேரிக் குழந்தையோடு விளையாடுகிறான். உன் பேர் என்ன என்று கேட்டபோது அது 'நானேதான்' என்றது, இவனும் விளையாட்டாக அதையே தன் பேராகச் சொல்லிவைத்தான். பிறகு நெருப்புப் பொறி தெறித்து அதன் காலைச் சுட, யார் செய்தது என்று புகைபோக்கிக்குள்ளிருந்து தாயின் குரல் அதட்டியது. 'நானேதான்' என்று குழந்தை அழ, நீயே செய்துவிட்டு ஏன் கத்துகிறாய் என்று தாய் அதை இழுத்துக்கொண்டு போய்விட்டாள். பையன் போர்வைக்குள் ஒளிந்து பிழைத்தான்.

இதுவரை சொன்னதை ரசித்துப் படிக்கலாம். மாற்றுக்குழந்தை நம்பிக்கையை அப்படிப் படிக்க முடியவில்லை. ஃபேரிகள் நல்ல குழந்தையைத் தூக்கிக்கொண்டு, நோஞ்சானாக, பேச்சு வராமல், ஓயாமல் அழும் ஒன்றைத் தொட்டிலில் போட்டுவிடும் என்பது. கதைகளில் முட்டை ஓட்டில் பானம் காய்ச்சிக் காட்டினால் அது ஆச்சரியத்தில் வாய் திறந்து தன் வயசை உளறிவிடும். நிஜ வீடுகளில் செய்தது வேறு: அடித்தார்கள், வெளியே குளிரில் போட்டார்கள், அதன் அழுகை கேட்டு ஃபேரித் தாய் ஓடி வந்து தன் பிள்ளையை எடுத்துக்கொள்வாள் என்று. 1843ல் பென்சான்ஸில் ஒரு தகப்பன் மேல் இப்படி வழக்கே வந்தது. அயர்லாந்தில் 1895ல் பிரிட்ஜெட் கிளியரி என்ற இளம் பெண்ணை, இவள் என் மனைவி இல்லை, மாறி வந்தவள் என்று சொல்லி, கணவரே எரித்தார், சிறைக்கும் போனார். மாற்றுக்குழந்தை என்று சொன்ன குழந்தைகளில் பலர் பிறவிக் குறைபாடோ வளர்ச்சிக் கோளாறோ உள்ளவர்களாக இருந்திருக்கலாம் என்று இன்று ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். ஃபேரியால் செத்தவர் யாரும் கிடையாது. ஃபேரி என்று சொல்லி மனிதர் கையால் அடிபட்டவர்கள் உண்டு, அவர்கள் நிஜம்.

ஆன் ஜெஃப்ரீஸும் நிஜம். 1626ல் கார்ன்வாலில் செயின்ட் டெத் ஊரில் பிறந்து, பிட் குடும்பத்தில் வேலைக்காரியாக இருந்தவர். 1645ல் தோட்டத்துப் பந்தலில் பின்னல் வேலை செய்துகொண்டிருந்தபோது பச்சை உடுத்திய ஆறு குட்டி மனிதர்கள் வேலி தாண்டி வந்ததாகச் சொன்னார், பயத்தில் வலிப்பு வந்து நாள்கணக்கில் படுத்துவிட்டார். எழுந்தபின் கையால் தொட்டே நோய் தீர்க்கிறார் என்று எங்கெங்கிருந்தோ ஜனம் வந்தது. யாரிடமும் காசு வாங்கவில்லை. வீட்டுச் சாப்பாட்டைத் தொடாமல் மாதக்கணக்கில் இருந்தார், ஃபேரிகள்தான் எனக்குச் சோறு போடுகிறார்கள் என்றார். அப்போது அந்த வீட்டுச் சிறுவன் மோசஸ் பிட் அவரிடம் ஒரு துண்டு ரொட்டி வாங்கித் தின்றிருக்கிறான், அவ்வளவு ருசியான ரொட்டியை முன்னும் பின்னும் தின்றதில்லை என்று வயசான பிறகும் எழுதினான். உள்நாட்டுப் போர்க் காலம், நாட்டு நடப்பைப் பற்றி அவர் குறி சொல்வதும் அதிகாரிகளுக்குப் பிடிக்கவில்லை. 1646ல் ஜான் ட்ரெகீகிள் என்ற நீதிபதி அவரைப் பிடித்து பாட்மின் சிறையில் போட்டு, பிறகு தன் வீட்டிலும் சாப்பாடு கொடுக்காமல் அடைத்து வைத்தார். குற்றம் எதுவும் நிரூபிக்க முடியாமல் கடைசியில் விட்டார்கள். அவர் கல்யாணம் செய்துகொண்டு வாழ்ந்தார்.

அந்தச் சிறுவன் வளர்ந்து லண்டனில் புத்தகம் அச்சிட்டு விற்பவரானார். 1693ல் ஆனிடம் ஆள் அனுப்பி, நடந்ததையெல்லாம் சொல்லச் சொன்னார். ஆனுக்கு அப்போது அறுபத்தேழு வயசு இருக்கும். சொல்ல மாட்டேன் என்று மறுத்துவிட்டார்: என் சொந்த அப்பாவே உயிரோடு வந்து கேட்டாலும் சொல்ல மாட்டேன், சொன்னால் நீங்கள் புத்தகமோ பாட்டோ போட்டுவிடுவீர்கள், ஐந்நூறு பவுன் கொடுத்தாலும் என் பேர் அப்படி ஊரெல்லாம் அடிபட விடமாட்டேன். 1696ல் பிட் தன் ஞாபகத்தில் இருந்ததை மட்டும் வைத்து குளோஸ்டர் பிஷப்புக்கு ஒரு கடிதமாக அச்சிட்டார். ஆன் மறுத்ததையும் அதிலேயே எழுதியிருக்கிறார்.